கடற்காற்றில் கலையும் முடி: ஜெல்லும் அயர்னும் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி – குளச்சல்காரி

நாகர்கோவிலில் அயர்ன் வைத்து முடியை நேராக்கி, ஜெல்லும் பூசிக்கொண்டு புறப்பட்டால், கடலோரக் குளச்சலில் பேருந்தை விட்டு இறங்குவதற்குள் முடி பழையபடி சுருண்டுவிடுகிறது. ஜெல் பூசிய இடமோ பிசுபிசுக்கிறது. காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழியில்கூட இவ்வளவு மோசமாவதில்லை. இதற்குக் காரணம் என்ன? பார்லரில் செய்யும் நிரந்தர ஸ்ட்ரெயிட்டனிங்கும் இதே முறையில்தான் வேலை செய்கிறதா?

பதில் – வேதியியல் ஆசிரியர், தக்கலை

காற்றின் வேகத்தைவிட அதிலுள்ள ஈரமே இங்கு முக்கியம். முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பவற்றில் எண்ணிக்கையில் மிகுந்தும் வலிமையில் குறைந்தும் இருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். அயர்னின் சூடு முடியிலுள்ள நீரை வெளியேற்றும்போது, முடி எந்த வடிவில் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறதோ அந்த வடிவிலேயே அப்பிணைப்புகள் புதிதாக அமைகின்றன. கடலோரத்தில் காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அவற்றை அவிழ்த்துவிடுவதால், முடி தன் இயல்பான சுருளுக்குத் திரும்புகிறது. ஈரம் நிறைந்த காற்றில் முடி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீரை ஏற்றுக்கொள்ளும் என்பதை நினைத்தால், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பதில் – அழகுசாதனத் தயாரிப்பில் இருப்பவர்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஜெல்லின் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெல்லும் ஸ்ப்ரேயும் முடியின் உள்கட்டமைப்பை மாற்றுவதில்லை. காய்ந்தபின் இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) படலத்தை விட்டுச்செல்கின்றன, அவ்வளவே. பல ஜெல்களில் உள்ள பாலிவினைல் பைரோலிடோன் நீரை விரும்பி ஈர்ப்பது. ஈரக்காற்றில் அந்தப் படலம் இளகுவதால்தான் பிசுபிசுப்பு வருகிறது. அதோடு வினைல் அசிட்டேட்டும் சேர்ந்த கோபாலிமர், அதாவது இருவகை அலகுகள் இணைந்த பாலிமர், ஈரத்தை அந்த அளவுக்கு இழுப்பதில்லை என்பதால், வாங்கும்போது லேபிளில் அதைத் தேடுங்கள். கெட்டிப்படுத்தக் கார்போமர் சேர்த்த ஜெல்லுக்கு உப்பும் ஆகாது: ஒரு துளியின்மேல் சிறிது உப்புத் தூளைத் தூவினால் அது கண்ணெதிரே நீர்த்துவிடும். வியர்த்த தலையில் ஜெல் பூசுவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பதில் – வேதியியல் ஆசிரியர், தக்கலை

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பார்லர் முறை முற்றிலும் வேறு. அங்கே தயோகிளைகோலேட் போன்ற பொருள், கந்தக அணுக்களுக்கிடையே உள்ள டைசல்பைடு பிணைப்புகளை உடைக்கிறது. முடியை நேராக்கியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றைப் புதிய இடத்தில் மீண்டும் இணைக்கிறது. வெறும் நீரால் இவை அவிழா. ஆனால் வேரிலிருந்து புதிதாக வளரும் முடி சுருண்டே வரும். கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் சில முறைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கரைசலைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளிப்படக்கூடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்திய வாயு அது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே, எந்தக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு, புட்டியின் லேபிளை வாங்கிப் படித்துவிடுங்கள்.