தொலைக்காட்சியில் முப்பது விநாடி கிடைத்தால் நன்கொடை பற்றிப் பேசலாமா?

முதல்கேள்வி:
ஒரு தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். நடுவில் தொகுப்பாளர் ஒவ்வொருவரிடமும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஜெயித்தால் பணத்தை என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். பதில் சொல்ல முப்பது விநாடிதான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது என்று முடிவெடுத்து, சில வருடங்களாகக் கொடுத்து வருகிறேன். பெரும்பகுதி மலேரியாவைத் தடுக்கும் கொசுவலைகளுக்குப் போகிறது. அதை அங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் பாதிப் பேர் சொல் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

கதவோரம்:
வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். மக்கள் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பது கேள்வி பதில் பார்க்க. அவர்கள் முன்னால் "நான் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறேன்" என்றால், நீங்கள் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது தற்பெருமையாகத்தான் காதில் விழும். இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது: பார்ப்பவர் உங்களைத் திருப்பிக் கேட்க முடியாது. எந்த அமைப்பு, கணக்கு சரியா, பணம் உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா என்று எதையும் கேட்க வழியில்லை. டிவியில் சொன்னார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நம்பிக் கொடுப்பவர்கள் நிறைய. அந்த நம்பிக்கையை முப்பது விநாடியில் வாங்கிக்கொள்வது நியாயம் இல்லை.

ஈரநிலம்:
கட்டாயம் சொல்லுங்கள். கொடுப்பவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் யாருமே கொடுப்பதில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஜென் ஷாங், ரேச்சல் குரோசன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பொது வானொலியின் நிதி திரட்டலில் இதைச் சோதித்தார்கள். நன்கொடை கொடுக்க அழைத்தவர்களிடம், "இதற்கு முன் ஒருவர் 300 டாலர் கொடுத்தார்" என்று ஒரு வரி மட்டும் சொன்னார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களோடு ஒப்பிட்டால் சராசரித் தொகை சுமார் 12 சதவீதம் கூடியது. ஒரே ஒரு வரிதான்! 2009இல் தொடங்கிய 'கிவிங் வாட் வி கேன்' அமைப்பு, பத்தில் ஒரு பங்கு உறுதிமொழியைப் பெயரோடு வெளிப்படையாக எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

கதவோரம்:
அந்த ஆய்வை நீங்கள் பாதிதான் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த நேயர்கள் கொடுப்பதற்காகவே போனை எடுத்தவர்கள். எவ்வளவு என்பது மட்டும்தான் அவர்கள் முன் இருந்த கேள்வி. வினாடி வினா பார்ப்பவருக்குக் கொடுக்கும் எண்ணமே அப்போது இருக்காது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

சாம்பல்குருவி:
2014இல், தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடியோ போடும் ஐஸ் வாளிச் சவால் வந்தபோதும் இதே மாதிரி எதிர்ப்பு இருந்தது. விளம்பர மோகம் என்றார்கள். ஏஎல்எஸ் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய்க்கான சங்கத்துக்கு அதில் 11.5 கோடி டாலர் வந்தது. அந்தப் பணம் உதவிய ஆராய்ச்சியில் நோயோடு தொடர்புள்ள நெக்1 மரபணுவும் கண்டறியப்பட்டது. காட்டிக்கொள்வதால் நன்மை நடக்கிறது என்றால் காட்டிக்கொள்ளட்டுமே.

எடிட்மேசை:
நிகழ்ச்சித் தயாரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள். பதிவு செய்யப்படும் நிகழ்ச்சியில் நீங்கள் சொல்லும் முப்பது விநாடி, ஒளிபரப்பில் பத்து விநாடியாகச் சுருங்கும். எந்தப் பத்து என்பது உங்கள் கையில் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு அமைப்பின் பெயரை இழுத்தால் இலவச விளம்பரம் போலத் தெரிகிறது என்று முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். அதனால் ஷூட்டிங்குக்கு முன்பே, உங்களைப் பற்றிக் குறிப்பு கேட்டு வாங்குவார்கள் இல்லையா, அதிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தொகுப்பாளரே அதைக் கேள்வியாகக் கேட்டால் வெட்டப்படுவது கடினம். அப்புறம், கொசுவலை கொடுக்கும் 'அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன்' மாதிரி நீளமான பெயர் யார் மனதிலும் நிற்காது. "மலேரியா", "கொசுவலை" என்ற இரண்டு சொல் நின்றால், வேண்டியவர் தேடிக்கொள்வார்.

ஈரநிலம்:
எடிட்மேசை அந்த அமைப்பின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அது பிறந்த கதையே தொலைக்காட்சியில்தான் ஆரம்பிக்கிறது. 2003இல் ராப் மாதர் என்பவர் தற்செயலாக டிவியில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தார். தீ விபத்தில் உடல் வெந்துபோன ஒரு சிறுமியின் கதை. அவளுக்காக நண்பர்களோடு ஒரு நீச்சல் நிகழ்வைத் திட்டமிட்டார். அது பல நாடுகளுக்குப் பரவி ஆயிரக்கணக்கானோர் நீந்தினார்கள். அடுத்ததாக மலேரியாவுக்காக இன்னும் பெரிய நீச்சல், அதிலிருந்து இந்த அமைப்பு. யார் பார்க்கிறார்கள், அவர் அடுத்து என்ன செய்வார் என்று பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இதை நான் எளிதாகத் தாண்டிப் போக முடியாது, கதவோரம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் 2023இல் மட்டும் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஒரு வலையின் விலை சுமார் 2 டாலர். கூச்சத்துக்காக இதைச் சொல்லாமல் விடுவதா?

கதவோரம்:
இந்தக் கதை எனக்குத்தான் சாதகம். அங்கே யாரும் முப்பது விநாடியில் அமைப்பின் பெயர் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் கதையை முழுதாகக் காட்டினார்கள். அதனால்தான் அவர் மனம் அசைந்தது. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆய்வு (2007) தெரியுமா? ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள், கையில் இருந்த 5 டாலரில் சராசரியாக 2.38 கொடுத்தார்கள். பட்டினியின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43தான். நீங்கள் சொன்ன 5,97,000 என்ற எண்ணை டிவியில் சொன்னால் கேட்பவர் மனம் இளகாது.

ஈரநிலம்:
சரி, எண் வேண்டாம். அதற்காகப் பேச்சே வேண்டாம் என்று ஆகாதே!

முதல்கேள்வி:
எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "ஜெயித்தால் ஒரு பகுதி கொசுவலைகளுக்குப் போகும். மலேரியாவில் அதிகம் இறப்பது ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். ஒரு வலை ஒரு தாயையும் குழந்தையையும் இரவில் காக்கும். பத்தில் ஒரு பங்கு கொடுக்க ஆரம்பித்தபோது பயமாக இருந்தது, இப்போது இல்லை." யாரையும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அமைப்பின் பெயரும் இல்லை.

எடிட்மேசை:
கடைசி வரியை முதலில் வையுங்கள். வெட்டினாலும் அது மிஞ்சும்.

கதவோரம்:
பெயர் சொல்லிப் பணம் கேட்காதவரை என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. பத்தில் ஒரு பங்கு என்பதை இன்னும் ஏற்கவில்லை. கொடுக்க முடியாத நிலையில் இருப்பவரும் அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார். அவரைக் குறுகவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஈரநிலம்:
"பயமாக இருந்தது" என்று ஒருவர் சொல்லும்போது கேட்பவர் ஏன் குறுக வேண்டும்? கொடுக்கத் தயங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வரிதான் தேவை. நான் அந்த வரிக்காகவே வாதாடுவேன்.

கதவோரம்:
இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் முதல்கேள்விக்கு ஒன்று. "ஒரு பகுதி" என்று மழுப்பாதீர்கள். எவ்வளவு என்று சொல்லுங்கள், சொன்னதைக் கொடுத்துவிடுங்கள். அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கு அது.

முதல்கேள்வி:
பாதி. குறிப்பிலும் அப்படியே மாற்றிவிட்டேன்.