ஷூ டேக்கில் 'பிளெமிஷ்': ஸ்பானிஷில் என்ன போடுவது? அவசரம்

ஆம்பூர் சாம்பிள் ரூம்:
வணக்கம். ஸ்பெயினில் எல்சே ஊர் பார்ட்டிக்கு ஷூ ஆர்டர். பெட்டிக்குள் போடும் டேக்கில், தோலில் பிளெமிஷ் (தழும்பு, சுருக்கம் மாதிரி குறி) தெரிந்தால் அது இயற்கைதான் என்று ஒரு வரி வரணும். ஆப்பில் போட்டால் 'தெஃபெக்தோஸ்' வந்தது. அனுப்பினேன், சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிட்டாங்க. காரணம் சொல்லல. நாளை பிரிண்டிங். டிக்‌ஷனரியில் 'தாரா'ன்னு ஒரு சொல் இருக்கு, சின்னது, இடத்துக்கும் பொருந்தும். போடலாமா?

பாலாற்றங்கரை:
போட்டுடாதீங்க தம்பி! அங்க கடையில 'கோன் தாரா'ன்னா செகண்ட்ஸ் மால், விலை குறைச்சுத் தள்ளுறது. பேக்கிங் லிஸ்ட்ல காலிப் பெட்டி எடைக்கும் அதே சொல்தான். 'தெஃபெக்தோ'ன்னா பழுதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி, ரிட்டர்ன் வந்து நிக்கும். 'இம்பெர்ஃபெக்சியோனெஸ்' போடுங்க, சின்னக் குறைகள்னு அர்த்தம். ஒருமையில கடைசி 'ஓ' மேல கோடு வரும், பன்மையில வராது. பிரிண்டர் அங்கதான் கோட்டை விடுவாரு.

மேல்விஷாரம் டேனரி:
பாலாறு அண்ணன் சொன்னது தப்பில்ல, ஆனா ஒரு சங்கடம். 'பியெல்'னா ஷூ தோலும் அதுதான், மனுஷன் தோலும் அதுதான். 'பியெல்'லோட 'இம்பெர்ஃபெக்சியோனெஸ்'னு அச்சடிச்சா முகப்பரு க்ரீம் டப்பா மாதிரி இருக்கும். 'மார்காஸ் நாதுராலெஸ்' போதும், இயற்கைத் தடங்கள். இடம் இருந்தா பேரையே சொல்லிடுங்க: தழும்புக்கு 'சிகாத்ரீசெஸ்', நரம்புக்கு 'வேனாஸ்', கழுத்துச் சுருக்கத்துக்கு 'அர்ருகாஸ்', பூச்சிக் கடிக்கு 'பிக்காதுராஸ்'. முள்வேலியில மாடு உரசினதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?

ஆம்பூர் சாம்பிள் ரூம்:
சிரிச்சுட்டேன் பாய். இரண்டு ஜோடியில் கத்தி வெட்டு இருக்கு. அதுவும் இந்த வரியில் அடங்குமா?

மேல்விஷாரம் டேனரி:
அது எப்படி அடங்கும்? உரிச்சவன் கை தவறினது மாட்டோட தடமா? அசல் 'தெஃபெக்தோ' அதான். கட்டிங்லயே ஒதுக்கியிருக்கணும்.

பாலாற்றங்கரை:
பியெல் விஷயம் எனக்குத் தோணல, பாய் சொன்னதே சரி. அர்ஜென்டினா ஆர்டர் வந்தா தோலுக்கு 'குவெரோ'ன்னு போடுங்க.

ஆம்பூர் சாம்பிள் ரூம்:
'மார்காஸ் நாதுராலெஸ்' ஓகே ஆயிடுச்சு. தழும்பும் சுருக்கமும் சேர்த்தேன், பூச்சிக் கடி வேண்டாம்னுட்டாங்க. அந்த இரண்டு ஜோடியை எடுத்து வச்சாச்சு.