32 கேபிக்குள் 2,048 உலகங்கள் எப்படி அடங்கின?

கேள்வி:
நேற்று ராத்திரி போனில் இடம் இல்லை என்று வந்ததும் பையனின் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன், 128 ஜிபி போதவில்லை. அப்போது 1984-இல் பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினிக்கு வந்த எலீட் என்ற விண்வெளி வணிக விளையாட்டு நினைவுக்கு வந்தது. மொத்த நினைவகமே 32 கேபி. அதில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். இத்தனையையும் எங்கே வைத்தார்கள்?

பதில் 1:
எங்கேயும் வைக்கவில்லை, அதுதான் அழகே! விளையாட்டை உருவாக்கிய டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் வைத்துக்கொண்டது மூன்று விதை எண்கள், அதாவது தொடக்க எண்கள், மொத்தம் 6 பைட். அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த உலகம் வரும், அந்த எண்களிலிருந்தே ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை எல்லாம் பிறக்கும். உலகங்களின் பெயர்களுக்கு ஈரெழுத்துத் துண்டுகளின் சின்னப் பட்டியல் ஒன்று. எல்ஏ (LA), விஇ (VE) இரண்டையும் ஒட்டினால் லேவ் (LAVE), நாம் கிளம்பும் கிரகமே அதுதான்.

கேட்டவர்:
அப்படியென்றால் 8-உடன் ஏன் நிறுத்தினார்கள்?

பதில் 1:
நினைவகம் தடையே இல்லை. அந்த 6 பைட் என்பது 48 பிட், அதற்கு சுமார் 281 லட்சம் கோடி மண்டலங்கள் வரும். அவ்வளவு இருந்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்துவிடும் என்று வெளியிட்டவர்கள்தான் 8 போதும் என்றார்கள். சரியான முடிவு என்பேன்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். திரையில் கிரகம் என்பது வெறும் வட்டக்கோடு, கப்பல் சில நேர்கோடுகள். ஆனால் விண்வெளி நிலையத்தின் அந்தச் சின்ன வாசலுக்குள் கப்பலைச் சுழற்றி நுழைக்கும்போது உள்ளங்கை வியர்க்கும், அதற்கு ஒரு பைட்கூடச் செலவில்லை.