கனடா லைசென்ஸோட யாழ்ப்பாணத்தில கார் ஓடலாமோ? மச்சான் திறப்பு தரமாட்டன் எண்டுறார்

ஸ்காபரோ அப்பா:
வணக்கம் உறவுகளே, நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு குடும்பத்தோட ரொறன்ரோவில இருந்து வந்து இப்ப கொக்குவிலில மாமி வீட்டை நிக்கிறம். என்னட்டை ஒன்ராறியோ ஜி லைசென்ஸும் வெளிக்கிடமுதல் அங்க சீஏஏ எண்ட கனடா ஓட்டோமொபைல் சங்கத்தில எடுத்த இன்டர்நஷனல் டிரைவிங் பெர்மிட்டும் இருக்கு. மச்சான்ர கார் சும்மாதான் நிக்குது, ஆனா பெர்மிட்டைக் கொழும்பில பதியாமல் ஓடினா இன்சூரன்ஸ் செல்லாது எண்டு திறப்பு தரமாட்டன் எண்டு நிக்கிறார், மாமா பெர்மிட் இருந்தாக் காணும் எண்டுறார். ஆர் சொல்லுறது சரி? சின்னப் பிள்ளையள ஏத்திக்கொண்டு கீரிமலை, காரைநகர், பிறகு மன்னாரில திருக்கேதீச்சரம் வரைக்கும் போகவேணும். இடப்பக்கம் ஓடிப் பழக்கமில்லை.

கந்தோர்க்காரன்:
மச்சான் சொல்லுறதுதான் சரி. 1949 ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில கனடாவும் இருக்கு இலங்கையும் இருக்கு, அதால உங்கட பெர்மிட் நல்ல பெர்மிட்தான், ஆனா அதை மட்டும் வச்சு இஞ்ச ஓடேலாது. கொழும்பு 3, காலிமுகத்திடலுக்குக் கிட்ட ஓட்டோமொபைல் அசோசியேசன் ஒஃப் சிலோன் இருக்கு, அங்க பெர்மிட், லைசென்ஸ், பாஸ்போட் காட்டிப் பதியவேணும். இல்லாட்டி கொழும்புக்குக் கிட்ட வேரஹெரவில மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக லைசென்ஸ் எடுக்கலாம். 2025 ஆகஸ்டில இருந்து கட்டுநாயக்கா எயார்போட்டிலயே தற்காலிக லைசென்ஸ் குடுக்கினம், இனி வாற ஆக்கள் இறங்கின உடன அங்க எடுத்தா ஒரு அலைச்சல் மிச்சம். அண்ணை, இது பொலிஸ் மறிக்கிற பிரச்சினை மட்டுமில்லை. ஆரையாவது இடிச்சா இன்சூரன்ஸ்காரர் முதல் கேக்கிறது ஓடினவற்ர லைசென்ஸைத்தான்.

வான் ஓடுற தம்பி:
லைசென்ஸை விடுங்கோ, ஓட்டத்தைச் சொல்லுறன். எதிர்ல வாறவன் லைற்றை அடிச்சுக் காட்டினா உங்கட ஊரில "நீ போ" எண்டு அர்த்தமாயிருக்கும், இஞ்ச "நான் வாறன், நீ நில்லு" எண்டு அர்த்தம், வெளியில இருந்து வாற ஆக்கள் கனபேர் இதிலதான் மாட்டுப்படுகினம். சந்தியில சிவப்புக்கு நிண்டுபோட்டு திரும்பிற பழக்கத்தையும் விடுங்கோ, பச்சை அம்புக்குறியோ அறிவிப்புப் பலகையோ இல்லாட்டி இடப்பக்கமும் திரும்பக்கூடாது. ரவுண்டபோட்டில வலப்பக்கத்தால வாறவனுக்கு வழி விடவேணும். மச்சான்ர கார் ஜப்பான் கார் எண்டா சிக்னல் தடி வலப்பக்கம் இருக்கும், முதல் நாள் திரும்பேக்க எல்லாம் வைப்பர்தான் ஆடும், பயப்பிடாதேங்கோ.

இணுவில் அக்கா:
நீங்கள் நிக்கிற இடத்தில பெரிய பயம் ரயில்தான் தம்பி. கேகேஎஸ் (காங்கேசன்துறை) றோட்டால இறங்கிற ஒழுங்கையள் கனக்க லைனைக் கடக்குது, கேற் இல்லாத கடவையும் இருக்கு. மணி அடிக்கேல்ல எண்டு நம்பாதேங்கோ. கண்ணாடியை இறக்கி, பாட்டை நிப்பாட்டி, ரெண்டு பக்கமும் பாத்துப்போட்டுக் கடவுங்கோ. மதில் மறைப்பில கிட்ட வரும்வரைக்கும் ரயில் தெரியாத ஒழுங்கையளும் இருக்கு. பிள்ளையளோட போறியள், உதை மட்டும் மறக்காதேங்கோ.

ஸ்காபரோ அப்பா:
எல்லாருக்கும் நன்றி. அப்ப கொழும்புக்கு ரயினில போய்ப் பதிஞ்சுகொண்டு வாறன், அதுவரைக்கும் ஓட்டோ பிடிக்கிறம். திருக்கேதீச்சரம் பின்னேரம் வெளிக்கிட்டு இரவு திரும்பலாமோ?

வான் ஓடுற தம்பி:
வேண்டாம் அண்ணை. சங்குப்பிட்டிப் பாலத்தால பூநகரிக்கு ஏறி ஏ32ஆல போங்கோ, வவுனியா சுத்தத் தேவையில்லை, றோட்டு நல்லது, அதுதான் ஆபத்தும். வெறும் றோட்டெண்டு எல்லாரும் மிதிக்கிறது. இருட்டினாப்பிறகு மாடுகள் சூட்டுக்கு தார் றோட்டில வந்து படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போனாத்தான் தெரியும், பின்லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் உழவு மிசினும் வரும். விடிய வெளிக்கிட்டு பொழுதுபட முதல் பாலத்துக்கு இஞ்சால வந்திடுங்கோ. ஊருக்குள்ள 50, வெளியில 70, பொலிஸ் மரத்துக்குக் கீழ நிண்டு ஸ்பீட் பிடிப்பினம்.

கந்தோர்க்காரன்:
அப்பிடிப் பிடிச்சா கையில காசு குடுக்கிற கதை வேண்டாம், தண்டத் துண்டு எழுதச் சொல்லி வாங்கி 14 நாளுக்குள்ள தபால் கந்தோரில கட்டுங்கோ. காருக்குள்ள மச்சான்ர இன்சூரன்ஸ் காட், ரெவன்யூ லைசென்ஸ், புகைச் சோதனைத் துண்டு மூண்டும் இருக்கோ, திகதி முடியேல்லையோ எண்டு திறப்பு வாங்கேக்கயே பாத்திடுங்கோ. நல்லூருக்குக் காரைக் கொண்டு போகாதேங்கோ, திருவிழா முடியுமட்டும் கோயில் சுத்துவட்டாரத்து றோட்டுகள் பூட்டுத்தான்.