மூன்று எஸ் எடுத்த பிள்ளைக்குக் கொழும்பில் என்ன வழி? நடந்ததை எழுதுங்கள்

ஹட்டன் அக்கா:

தம்பிக்கு உயர்தரப் பரீட்சையில், வர்த்தகப் பிரிவில் மூன்று எஸ், அதாவது மூன்று பாடமும் சாதாரண சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மைனஸில் நிற்கிறது. கெம்பஸ் கிடைக்காது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். ரிசல்ட் வந்த கிழமையே டவுனில் நடந்த செமினாருக்குப் போய், கொழும்பு நிறுவனங்களின் துண்டுப் பிரசுரம் ஒரு கட்டோடு வந்திருக்கிறான். எல்லாரும் "உங்களுக்கு இடம் உண்டு" என்கிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கொழும்பில் போய்ப் படித்தவர்கள், பிள்ளைகளைச் சேர்த்துவிட்டவர்கள் எழுதுங்கள். விளம்பரம் வேண்டாம்.

கொட்டகலை ஆசிரியர்:

தங்கச்சி, பிரசுரங்களை ஒரு பக்கம் வையுங்கள். ஒரே தடவையில் மூன்று எஸ்ஸும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மைனஸ் என்றால் வாய்ப்புக் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் படிவத்தை நிரப்புவதைப் பார்த்தால் வயிறு எரியும். போன தடவை என்னிடம் வந்த ஒரு பையன் கொழும்பு, ஜயவர்தனபுர என்று இரண்டு யூனிகோட் (பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் குறியீடு) மட்டும் எழுதியிருந்தான். ஏனடா என்றால், "கூட்டாளிமார் அங்கேதான் சேர்" என்கிறான். புள்ளி குறைந்த பிள்ளைதான் பட்டியலை நீளமாக எழுத வேண்டும். விருப்ப ஒழுங்கில்தான் பார்ப்பார்கள்; கீழே எழுதியது மேலே எழுதியதைக் கெடுக்காது.

பொகவந்தலாவை, இப்போது தெஹிவளை:

அக்கா, உங்கள் பயம் சரியானது. இடம் எல்லாருக்கும் உண்டு. பார்க்க வேண்டியது முடித்து வெளியே வர முடியுமா என்பதை.

நான் 2019இல் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். அப்பா தோட்டத்திலிருந்து விலகி எடுத்த ஈ.பி.எஃப். காசில்தான் முதல் கட்டணம். முதல் பகுதி உயர் டிப்ளோமா, அதற்கு ரூபாயில் தவணை. கடைசி வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம், அதன் கட்டணம் ஸ்டேர்லிங் பவுணில். சேரும்போது அந்த வரி யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அப்புறம் 2022 வந்தது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது, பவுணும் கூடவே ஏறியது. எங்கள் வகுப்பில் வசதியான பிள்ளைகள் கட்டினார்கள். நான் டிப்ளோமாவோடு நின்றேன். இப்போது ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் இருக்கிறேன், பரவாயில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் எதிர்பார்த்த பட்டம் இல்லை.

பிறகு மச்சானுக்காக இன்னோர் இடத்துக்குத் துணைக்குப் போனேன். போன பெட்சில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் எடுத்தார்கள் என்று கேட்டேன். ஏ.சி. அறையில் உட்கார வைத்து மைலோ தந்தார்கள். பதில் தரவில்லை.

இன்னொன்று. "அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டது" என்று போட்டிருப்பார்கள். நிறுவனத்தின் பதிவு வேறு, பட்டத்தின் அங்கீகாரம் வேறு. வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். உள்ளூர்ப் பட்டமென்றால் அந்தப் பாடநெறியின் பெயரிலேயே அனுமதி இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவர் சிரித்துக்கொண்டு சொன்னதை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

பண்டாரவளை:

என் புள்ளியும் உங்கள் தம்பி மாதிரித்தான். தெஹிவளை உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கியல் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) செய்தேன். இது அரசாங்கத்தினுடையது, முழுநேர வகுப்புக்குக் கட்டணம் இல்லை. கண்டியிலும் இருக்கிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வரும், செமினாரில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லி அவர்களுக்கு என்ன லாபம்?

எனக்குக் கஷ்டமாக இருந்தது மொழிதான். பாடமும் பரீட்சையும் ஆங்கிலம். சந்தேகம் கேட்டால் விளக்கம் சிங்களத்தில் வரும். தமிழ் மொழிமூலம் படித்துவிட்டுப் போன எனக்கு முதல் சில மாதங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. பலாங்கொடைப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். அவள் விரிவுரையை எனக்கு விளங்கப்படுத்துவாள், நான் அவளுக்கு ஐந்தொகை சமப்படுத்திக் கொடுப்பேன். அப்படித்தான் இரண்டு பேரும் பாஸ். தம்பியை இப்போதே ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள். கூடவே ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் தொழில்சார் படிப்பும் தொடங்கலாம், அதற்கு ஓ.எல். (சாதாரண தரம்) போதும்.

ஹட்டன் அக்கா:

நன்றி எல்லாருக்கும். திறந்த பல்கலைக்கழகம் பற்றி யாராவது? தமிழில் படிக்கலாமா?

நாவலப்பிட்டி:

நான் படித்தது அங்கேதான், கொழும்புப் பக்கம் நாவலயில். 1980இலிருந்து இருக்கிறது, அரச பல்கலைக்கழகம், பட்டத்தில் சந்தேகமே வேண்டாம். இசட் புள்ளி கேட்க மாட்டார்கள். நான் படித்த காலத்தில் சமூக விஞ்ஞானம், சட்டம் இரண்டும் தமிழில் இருந்தன. சட்டத்துக்குத் தனி நுழைவுப் பரீட்சை. இலவசமில்லை.

அப்போது நான் புறக்கோட்டைக் கடையில் வேலை. பதியப் போன அன்று கவுன்டரில் இருந்த ஐயா "கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் படிப்பீர்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. முதல் வருட முடிவில்தான் அந்தக் கேள்வி விளங்கியது: தொடர் மதிப்பீட்டில் புள்ளி போதாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே உட்கார முடியாது. என்னோடு கடையிலிருந்து பதிந்த பொடியன்மார் பலர் அந்தக் கட்டத்திலேயே விட்டுவிட்டார்கள். தம்பி தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளையா என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்படியானவன் என்றால் கொழும்பே தேவையில்லை, கண்டிப் பக்கம் பொல்கொல்லயில் பிராந்திய நிலையம் இருக்கிறது.

வெள்ளவத்தை போர்டிங்காரன்:

எல்லாரும் படிப்பை எழுதிவிட்டீர்கள், இருப்பிடத்தை யாரும் எழுதவில்லை. கட்டணமில்லாத படிப்புக்கும் போர்டிங், சாப்பாடு, பஸ் உண்டு. கொழும்பில் அறைக்கு முற்பணம் கேட்பார்கள், அது திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்தில் 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் இங்கே மாதச் செலவைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். எங்கள் அறையில் இருந்த தலவாக்கலைப் பையன் படிப்பை விட்டது பாடம் கஷ்டம் என்றல்ல, மூன்று மாத வாடகை நின்றதால். சேருவதற்கு முன்பே ஒரு வருடச் செலவு கையில் இருக்கிறதா பாருங்கள்.

அக்கா, தம்பியோடு இடம் பார்க்க வருவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வேலை நாளில் அவிசாவளைப் பாதை பஸ்ஸில் விடியவே ஏறுங்கள். வகுப்பு உண்மையில் நடக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், வாசலில் நிற்கும் பிள்ளைகளிடமும் நாலு வார்த்தை கேட்கலாம்.