தேவையில்லாத இரண்டாம் வேலையை ஏற்றுக்கொண்டது முறையா?

பாளைவாசி:

எனக்கு வயது 38. சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு, 2020-இல் ஊரடங்கின்போது ஊர் திரும்பியதிலிருந்து, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தபடியே வேலை பார்த்து வருகிறேன். வீடு சொந்தம், கடன் ஏதும் இல்லை, திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சம்பளத்தில் பாதியைக்கூடச் செலவழிக்க எனக்கு வழி தெரியவில்லை. காலையில் கணினியைத் திறந்து மாலை ஐந்தரைக்கு மூடும்வரை பேசுகிற பேச்செல்லாம் ஹெட்போன் வழியாகத்தான். நேருக்கு நேர் பேசியது பால்காரரிடம் மட்டும் என்று சொல்லத்தக்க நாள்களும் உண்டு.

மூன்று மாதங்களுக்கு முன், திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டிய ஒரு பலசரக்குக் கடையின் கண்ணாடியில் ‘பில் போட ஆள் தேவை, மாலை 6 முதல் 9.30 வரை’ என்று எழுதி ஒட்டியிருந்ததைக் கண்டு உள்ளே போய்க் கேட்டேன். சம்பளம் 7,000 ரூபாய். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் ஆறு மணிக்கு முன்பே ஸ்கூட்டரில் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்துவிடுகிறேன். கருப்பட்டி வாங்க வரும் ஒரு பாட்டி, வட்டின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “சீனி கலந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் பிறகு அதையே ஒரு கிலோ வாங்கிப் போவார். இதைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் தவறில்லை.

உறுத்தல் இதுதான். நான் சேர்ந்த இரண்டாம் நாள், கண்ணாடியில் இருந்த தாள் கிழிக்கப்படாமலே இருந்ததால், இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் சான்றிதழ் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து வேலை கேட்டார். “ஆளு வந்தாச்சும்மா” என்றார் முதலாளி. அந்தப் பெண் என்னையும், நான் அணிந்திருந்த கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். தாளைக் கிழிக்கும்படி முதலாளி சொல்ல, நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஊதியம் தேவைப்படாத ஒருவன், தேவைப்படும் ஒருவர் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது முறையா? ஆறுதல் வேண்டாம், காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாவேன்.

சட்டம் படித்தவன்:

அந்தப் பெண்ணைப் பற்றிய கேள்விக்குப் போகுமுன் உங்கள் பணி நியமன ஆணையை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் ஆணைகளில், முன் அனுமதியின்றி வேறு எந்தப் பணியிலும் ஈடுபடக் கூடாது என்ற வரி இருக்கும். அது போட்டி நிறுவனங்களை மட்டும் குறிப்பதன்று, பலசரக்குக் கடையும் அதில் அடங்கும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்தார்கள் என்று விப்ரோ 300 பேரை நீக்கியதாக 2022 செப்டம்பரில் வந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே இன்போசிஸ், முன் அனுமதி பெற்று வெளிவேலை பார்க்கலாம் என்று தன் ஊழியர்களுக்குத் தெரிவித்தது. ஆகவே கேட்டால் கிடைக்கக்கூடிய அனுமதிதான். நீங்கள் அரசுப் பணியில் இருந்திருந்தால், 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றி இந்த நாற்காலிப் பக்கமே போயிருக்க முடியாது.

கேட்காமல் மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்றால், வெளியாளுக்கு நியாயம் செய்தோமா என்று வருந்தும் நீங்கள் சோறு போடும் இடத்துக்குச் செய்யவேண்டியதைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்றே சொல்வேன். வருமான வரிக் கணக்கில் அந்த 7,000-ஐயும் மறவாமல் காட்டுங்கள்.

முக்கூடல் மகள்:

என் அம்மா நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். நனைத்த இலையைச் சாக்கில் சுற்றி வைத்து, காலையில் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, மடியில் சுளகோடு உட்கார்ந்தால், தூளை வைத்து உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அண்ணன் வெளிநாடு போய், நானும் ஆசிரியையாகி, வீட்டுக்கு மாடி எழுந்த பிறகும் அவர் சுளகை இறக்கவில்லை. “கஞ்சிக்கு வழியில்லாமலா இருக்கிறாய்?” என்று தெருவில் கேட்டார்கள். கஞ்சிக்காக அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். கடையில் தன் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்ததும், வாரந்தோறும் தன் கையில் தன் காசு விழுந்ததும் அவருக்கு வேண்டியிருந்தன. ஆகவே பணம் போதும் என்பதாலேயே வேலை தேவையில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இலை வரத்து குறைந்த காலங்களில் கடைக்காரர் ஆளுக்கு வாரம் மூன்று நாளுக்குத்தான் இலை கொடுப்பார். அடுத்த வீட்டில், நாங்கள் மதினி என்று அழைத்த ஒருவர், கணவர் விட்டுப் போன பின் மூன்று பிள்ளைகளோடு இருந்தார். அவர் பெயரில் புத்தகம் கிடையாது. அம்மா தன் பங்கு இலையில் பாதியை மதினிக்குக் கொடுத்து, சுற்றிய பீடியைத் தன் கணக்கிலேயே போட்டு, கூலியைப் பைசா குறையாமல் கொடுத்துவிடுவார். ஊரே புகழ்ந்தது. ஆனால் வருங்கால வைப்பு நிதி அம்மாவின் பெயரில்தான் ஏறியது. இன்றைக்கு அம்மாவுக்கு மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. மதினிக்கு ஒன்றும் இல்லை. அம்மா அதைக் கடைசிவரை உதவி என்றே நினைத்திருப்பார். நானும் அவரிடம் அதைப் பேசப் போவதில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த 7,000 ரூபாயை மாதந்தோறும் யாருக்காவது கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அடுத்து யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். பணத்தைக் கொடுப்பதும் இடத்தைக் கொடுப்பதும் ஒன்றல்ல.

பேட்டை வியாபாரி:

நான் கடை வைத்திருப்பவன். பணத் தேவை இல்லாதவரைக் கல்லாவில் உட்கார வைப்பதில் ஒரு நிம்மதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு போனில் நின்றுவிடுவீர்கள். அந்தப் பெண் காய்ச்சலோடும் வந்திருப்பார். உங்கள் முதலாளி ஆள் தெரியாமல் எடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

பழைய ஆலைத் தொழிலாளி:

நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் ஒரே ஆளை வேலை வாங்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொன்னது. எங்கள் காலத்தில் சங்கத்தில் அதைப் பலமுறை வாசித்திருக்கிறோம். களைத்த உடம்பைக் காப்பது அதன் நோக்கம். உங்களுடையது தொழிற்சாலையும் அன்று, உங்கள் உடம்பும் களைக்கவில்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

பேட்டை வியாபாரி, காய்ச்சலோடு வருவதை ஒரு தகுதிபோல எழுதியிருப்பதற்கு என் வருத்தத்தைப் பதிவு செய்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியைப் பறித்தீர்களா என்பதைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது, மூன்றரை மணி நேரம், மாதம் முழுவதும், 7,000 ரூபாய்க்கு என்றபோது நீங்கள் வாய் திறக்காமல் தலையாட்டியதுதான். குடும்பம் நடத்த வேண்டியவர் பேருந்துச் செலவைக் கணக்குப் பார்ப்பார், இரவு ஒன்பதரைக்குமேல் தன் ஊருக்குப் பேருந்து உண்டா என்று கேட்பார், ஆறு மாதம் கழித்து ஐநூறாவது ஏற்றிக் கேட்பார். நீங்கள் எதையும் கேட்க மாட்டீர்கள். கேட்காத ஆள் ஒருவர் ஓராண்டு உட்கார்ந்துவிட்டால், அந்த வேலையின் விலை அவ்வளவுதான் என்று முதலாளிக்குப் பழகிவிடும். உங்களுக்குப் பின் வருபவர் கேட்டால், அவர்தான் பேராசைக்காரராகத் தெரிவார். ஆலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன்: நிலபுலன் உள்ள வீட்டுப் பையன்கள் பொழுதுபோக்காக வேலைக்கு வந்து, கூலிப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ‘எனக்கு இதுவே போதும்’ என்பார்கள். நல்ல பையன்கள்தான். அந்தச் சொல்லால் பக்கத்து எந்திரக்காரன் எத்தனை பேச்சுவார்த்தையில் தோற்றான் என்பதை அவர்கள் அறிந்ததில்லை.

வேலையை விடச் சொல்லவில்லை. இருப்பதானால், தேவைப்படுகிறவர் எப்படி இருப்பாரோ அப்படி இருங்கள். சம்பளம் ஏற்றிக் கேளுங்கள், வார விடுமுறை கேளுங்கள்.

பாளைவாசி:

எல்லோருக்கும் நன்றி. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை, மறுத்தால் கடையிலிருந்து நின்றுவிடுவேன். முக்கூடல் மகள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். சம்பளத்தை ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை உண்மையிலேயே எனக்கு இருந்தது.

நேற்றுக் கடை அடைக்கும் நேரத்தில் முதலாளியிடம் பேசினேன். அன்று வந்த பெண்ணின் தொலைபேசி எண் இருக்கிறதா, நான் விலகினால் அவரைக் கூப்பிடுவீர்களா என்று முதலில் கேட்டேன். எண்ணை யாரும் வாங்கி வைக்கவில்லை. சுத்தமல்லிப் பக்கம் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. “நீங்க போனா அந்தப் பிள்ளைக்குத்தான் குடுப்பேன்னு யாரு சொன்னா தம்பி? எம் மச்சினன் மவன் வீட்டுல சும்மாதான் கெடக்கான்” என்றார். நான் எழுந்தால் அவர் உட்காருவார் என்று மூன்று மாதங்களாக மனத்துக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று.

பிறகு, ஆலைத் தொழிலாளி ஐயா சொன்னபடி, இந்த வேலைக்கு 9,000 ரூபாயும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் வேண்டும், நான் இருந்தாலும் வேறு யார் இருந்தாலும் அதுதான் நியாயம் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. சம்பளம் ஏற்றித் தரும்படி வாயால் நான் கேட்டது என் வாழ்நாளில் அதுவே முதல் முறை. அவர் ஷட்டரைப் பாதி இறக்கியபடி நின்று என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் சிரித்தார்.

“நல்ல கூத்துவே இது. உமக்கு எதுக்குவே துட்டு?”