பில் 101 பிடிக்கும், பில் 21 பிடிக்காது: இது முரண்பாடா?

மொன்றியல்வாசி கேட்டது:

நேரடியாகவே கேட்கிறேன். கனடாவின் கியூபெக்கில் இருக்கிற நம்மவர்களில் நிறையப் பேருக்கு பில் 101 என்கிற பிரெஞ்சு மொழிச் சட்டத்தின் மேல் ஓர் இரகசிய மரியாதை உண்டு. சுற்றிவர வட அமெரிக்கா முழுக்க ஆங்கிலம். அதற்குள் ஒரு மாகாணம் 1977இல் சட்டம் போட்டு, குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்று நிறுத்தியது, கடைப் பெயர்ப்பலகையைக்கூட விடவில்லை. 1956இல் இலங்கையில் வந்த தனிச் சிங்களச் சட்டத்தால் அடிபட்ட குடும்பத்தில் பிறந்தவன் இதை ரசிப்பது விசித்திரம்தான், ஆனாலும் எனக்கு அந்தப் பிடிவாதம் விளங்குகிறது.

அதே மாகாணம் 2019இல் பில் 21ஐக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர், பொலிஸ், அரச வழக்கறிஞர் இவர்கள் யாரும் வேலை நேரத்தில் மதச் சின்னம் அணியக்கூடாது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. என் அக்காவின் மகள் ஆசிரியப் பயிற்சியின் கடைசி வருடம், வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டு போகிற பிள்ளை. சட்டத்தை எடுத்து வாசித்தேன். உடை, நகை, அணிகலன், தலையணி எதுவானாலும் மத நம்பிக்கையோடு அணிந்தால் சின்னம். அணிபவருக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டாலும், பார்க்கிறவர் நியாயமாக அப்படி எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் சின்னம். அப்படியானால் பொட்டு? நாளைக்குக் கல்யாணம் கட்டினால் தாலி?

முதலாவது சட்டத்தை ரசித்துக்கொண்டு இரண்டாவதை எதிர்க்க எனக்கு நியாயம் இருக்கிறதா, அல்லது இரண்டும் ஒன்றுதானா?

பார்க்எக்ஸ் பழசு:

தம்பி, ஒரே வேர்தான். 1960க்கு முந்தின கியூபெக்கைப் பார்த்தால் விளங்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் எல்லாம் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில். அப்போது பங்குத்தந்தைமார் சொல்லிக்கொண்டு திரிந்த வாசகம் 'மொழியே விசுவாசத்தின் காவலாளி'. பிரெஞ்சு பேசினால்தான் பிள்ளைகள் ஆங்கிலப் புரட்டஸ்தாந்தியரோடு கலக்கமாட்டார்கள் என்ற கணக்கு. மொழி வாசல்காவல், எசமான் மதம். பிறகு 60களில் அவர்கள் 'அமைதிப் புரட்சி' என்கிற காலம் வந்தது, 1964இல் கல்வி அமைச்சு வந்தது, தேவாலயங்கள் வெறிச்சோடின. எசமான் எழும்பிப் போக, காவல்காரன் உள்ளே வந்து அதே கதிரையில் இருந்துவிட்டான்.

நான் மொன்றியலின் பார்க் எக்ஸ் பகுதியில் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் கிரேக்கர். அவர் பிள்ளைகள் எல்லாரும் ஆங்கிலம். ஏன் என்று கேட்டால், "நாங்கள் கத்தோலிக்கர் இல்லையே, பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் எங்களை எடுக்கவில்லை, புரட்டஸ்தாந்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்கள், அங்கே எல்லாமே ஆங்கிலம்" என்பார். மதம் பார்த்துப் பிள்ளையைப் பிரித்த பிரிப்பில் பிரெஞ்சுக்குத்தான் ஆள் குறைந்தது. பில் 101 வந்த காரணத்தில் பாதி இது. கத்தோலிக்கப் பள்ளிச் சபை, புரட்டஸ்தாந்துப் பள்ளிச் சபை என்று இருந்தவை பிரெஞ்சுச் சபை, ஆங்கிலச் சபை என்று மாறினது 1998இல்தான், அதற்காக அரசியலமைப்பையே திருத்தவேண்டி வந்தது. பள்ளிப் பதிவில் முதலில் பார்ப்பது மதமாக இருந்தது, அதன் இடத்துக்கு மொழி வந்தது.

சிலுவைக் கதையும் தெரிந்திருக்கும். மாகாணச் சட்டசபையில் சபாநாயகர் கதிரைக்கு மேலே அப்போதைய முதல்வர் டூப்ளெசி 1936இல் மாட்டினது. மதச் சிறுபான்மையினருக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று பார்க்க அரசு அமைத்த புஷார்-டெய்லர் ஆணைக்குழு 2008 மே மாதம் அறிக்கை கொடுத்து, அதில் சிலுவையை எடுங்கள் என்று சொன்னது. அதே நாளில் சட்டசபை ஒருமனதாக 'எடுக்கமாட்டோம், அது எங்கள் மரபு' என்று தீர்மானம் போட்டது. கடைசியில் 2019 ஜூலையில், பில் 21 வந்த பிறகுதான் இறக்கினார்கள், அதுவும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு. மவுண்ட் றோயல் மலையில் 1924இல் வைத்த சிலுவை இன்றைக்கும் இரவில் எரிகிறது. அவர்களுடைய மதம் மரபாகிவிடும், உன் அக்கா மகளின் மதம் சின்னமாகவே இருக்கும். எனக்குக் கோபம் அதில்தான்.

நர்ஸக்கா:

பழசு அண்ணை, வரலாறு சரி, ஆனால் அந்த வரலாற்றில் பெண்களைக் காணவில்லை.

நான் வேலை செய்த வார்டில் கியூபெக்கின் உள்ளூர் பிரெஞ்சு மூத்த தாதி ஒருவர் இருந்தார், இப்போது ஓய்வு. அவருடைய அம்மாவுக்குப் பதினொரு பிள்ளைகள். ஒரு வருடம் தொட்டில் ஆடவில்லை என்றால் பாதிரியார் வீட்டுக்கே வந்து, என்ன இந்த முறை ஒன்றும் இல்லையா என்று கேட்பாராம். இதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். கியூபெக்கில் பெண்களுக்கு மாகாண வாக்குரிமை 1940இல்தான், திருச்சபை எதிர்த்தது. கல்யாணம் கட்டின பெண் கணவனின் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தம் செய்யலாம் என்று ஆனது 1964இல். இந்தத் தலைமுறைக்கு தலையை மூடின துணி என்றாலே கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். ஹிஜாபைப் பார்த்தும் அதே பயம்தான் எழும்புகிறது. பயம் சரியான இடத்தில் விழுகிறதா என்பது வேறு விஷயம், ஆனால் எல்லாமே இனவாதம் என்று ஒரே போடாகப் போட்டால் அந்தத் தாதியை உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். நான் பில் 21ஐ ஆதரிக்கிறேன். முழு மனதாக இல்லை, முக்கால் மனதாக.

திண்ணைத் தத்துவம்:

கோவையிலிருந்து எழுதுகிறேன், மாண்ட்ரீல் வந்ததில்லை, அதனால் புத்தகத்தில் படித்ததோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த விவாதத்துக்கு வாய்ப்பாக ஒரு தத்துவவாதி அந்த ஊரிலேயே இருக்கிறார், அந்த ஆணைக்குழுவின் சார்ல்ஸ் டெய்லர்தான். மொழி பற்றியும் எழுதினார், மதச்சார்பின்மை பற்றியும் எழுதினார், அடையாளம் பற்றியும் எழுதினார்.

மொழி பற்றி அவர் சொல்வது இது. ஹாப்ஸ், லாக் என்கிற ஆங்கிலத் தத்துவவாதிகளின் வழியில் வந்தவர்கள் சொல்லை ஒரு லேபிளாகப் பார்த்தார்கள், பொருள் அங்கே தயாராக இருக்கிறது, நாம் அதன் மேல் பெயரை ஒட்டுகிறோம். ஜெர்மானியர்களான ஹெர்டர், ஹம்போல்ட் வழி வேறு. சில உணர்வுகள், சில உறவுகள், சில வாழ்க்கை முறைகள் மொழியும் சடங்கும் இருப்பதால்தான் உருவாகவே முடிகிறது. டெய்லர் இரண்டாவது கட்சி. பில் 101க்குப் பின்னால் இருக்கிற உணர்வும் அதுதான், பிரெஞ்சு போனால் அதே வாழ்க்கையை இங்கிலீஷில் வாழ்ந்துகொள்ளலாம் என்று அவர்கள் நம்பவில்லை.

இப்போது பில் 21ன் வரையறையைப் பாருங்கள். அங்கே திருநீறு வெறும் லேபிள். 'நான் இன்ன மதம்' என்று பார்ப்பவருக்குச் சொல்கிற அட்டை. கழற்றி வைத்தால் ஆள் அப்படியே இருப்பார் என்ற நினைப்பு. காலையில் நெற்றியில் பூசும்போது ஒருவர் செய்கிற காரியம் பார்ப்பவருக்குத் தகவல் சொல்வது மட்டும்தானா? தன் மொழிக்கு ஹெர்டர், அடுத்தவன் நெற்றிக்கு லாக். முரண்பாடு உங்களுடையது இல்லை சார், சட்டத்துடையது. மானிடவியலாளர் தலால் அசத் பிரான்சின் முக்காட்டு விவகாரத்தைப் பற்றி எழுதியபோது இதன் இன்னொரு முனையைப் பிடித்தார், ஒரு துணிக்கு என்ன பொருள் என்று முடிவு செய்கிற அதிகாரத்தை அரசு கையில் எடுத்துக்கொள்கிறது, அணிந்தவர் என்ன சொன்னாலும் எடுபடாது.

உங்கள் நேர் கேள்விக்கு வில் கிம்லிக்கா என்கிற இன்னொரு கனடாக்காரரிடம் பதில் இருக்கிறது. அரசு மதம் இல்லாமல் நடக்கலாம், மொழி இல்லாமல் நடக்க முடியாது, வரி நோட்டீஸை ஏதாவது ஒரு மொழியில்தான் அச்சடித்தாகணும். அதனால் மொழியில் பக்கம் சாய்வது தவிர்க்கமுடியாதது, மதத்தில் தவிர்க்கலாம். 101 வேண்டும், 21 வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

இன்னொன்று, 2008 அறிக்கையில் ஆசிரியர்களுக்குத் தடை கேட்கவே இல்லை, நீதிபதி, போலீஸ், சிறைக்காவலர் போன்றவர்களுக்கு மட்டும்தான். 2017 ஜனவரியில் கியூபெக் நகர மசூதியில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே டெய்லர் அந்தச் சின்னப் பரிந்துரையையும் கைவிட்டதாக அறிவித்தார். இணைந்து எழுதிய புஷார் கைவிடவில்லை.

மொன்றியல்வாசி:

நர்ஸக்காவின் முக்கால் மனது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தத் தாதியின் அம்மாவைக் கேள்வி கேட்டவர் பாதிரியார், என் மருமகள் இல்லையே. நீதிமன்றத்தில் என்ன நிலைமை என்று யாருக்காவது தெரியுமா?

சட்டப்புத்தகம்:

சுருக்கமாக. பில் 21 வரும்போதே கனடா உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவைப் போட்டுத்தான் வந்தது. மத சுதந்திரம், சமத்துவம் போன்ற பிரிவுகளை ஐந்து வருடத்துக்கு ஒதுக்கி வைக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது, ஐந்து முடிந்தால் திரும்பப் புதுப்பிக்கலாம். ஆனால் சிறுபான்மை மொழிக் கல்வி உரிமை, அதாவது 23ஆம் பிரிவு, இந்த வலைக்குள் விழாது. அதனால்தான் 2021 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாலும், ஆங்கிலப் பள்ளிச் சபைகளுக்கு விலக்குக் கொடுத்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஓர் ஆசிரியையின் ஹிஜாபை மத உரிமை காப்பாற்றவில்லை, ஆங்கிலம் பேசுகிறவர்களின் மொழி உரிமை காப்பாற்றியது! 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்கச் சம்மதித்தது. மருமகள் வேலைக்கு விண்ணப்பிக்க முன்னர் ஆசிரியர் சங்கத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், இங்கே எழுதுகிறதை வைத்து முடிவெடுக்கவேண்டாம். 2019 சட்டத்தில் தனியார் பள்ளிக்கூடங்களுக்கு இந்தத் தடை இருக்கவில்லை, இப்போது அது எப்படி என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

சோனகத்தெரு:

எல்லாவற்றையும் வாசித்தேன். திண்ணை சொன்ன கணக்கில், மொழி நல்ல பிள்ளை, மதம்தான் பிரச்சினைக்கார பிள்ளை என்று ஆகிவிடுகிறது. எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெரு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், பள்ளிவாசலில் பயான், அதாவது பிரசங்கம், தமிழ். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். அந்த நேரத்தில் தமிழ் எங்களுக்குக் காவலாக நிற்கவில்லை. 'சைவமும் தமிழும்' என்று நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்ததற்கும், பழசு அண்ணை சொன்ன பாதிரிமாரின் வாசகத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மதம் எழும்பிப் போனாலும் அந்தக் கதிரையில் அதன் சூடு இருக்கும். யாரை உள்ளே விடலாம் என்கிற பட்டியலும் மாறாது.

இங்கே வந்த பிறகும் கலியாண வீடுகளில் "நீங்கள் முஸ்லிமா, தமிழா" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் தமிழில்தான் கேட்கிறார், நானும் தமிழில்தான் பதில் சொல்லுகிறேன்.

பில் 101 பற்றி எனக்குக் குறை கிடையாது. என் மகள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறாள், தமிழில் கொஞ்சுகிறாள், ஒன்று வந்ததால் மற்றது போகவில்லை. அவளுடைய உம்மாவுக்கு ஊரில் ஆசிரியை வேலை, இங்கே அதே படிப்புக்கு மறுபடி படித்தார், முடிக்கிற நேரத்தில் 2019 வந்தது. இப்போது பக்கத்து மாகாணத்து ஒட்டாவாவில் கற்பிக்கிறார், கிழமையில் ஐந்து நாள் வேறு வீடு. நர்ஸக்கா, உங்கள் முக்கால் மனதில் இந்த வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நர்ஸக்கா:

சேர்த்துக்கொள்கிறேன். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்கிற ஆசிரியைக்கும், கவுண்டரில் இருக்கிற எழுதுவினைஞருக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நான் விடமாட்டேன். பிரச்சினை ஏற்கெனவே படிக்கத் தொடங்கினவர்களை நடுவழியில் நிறுத்தினது. விலக்கை அவர்களுக்கும் கொடுத்திருக்கவேண்டும்.

சோனகத்தெரு:

அந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் அம்மாவே முக்காடு போட்டிருந்தால்?